களவெட்டியில் கழித்தல்

என்னைக் கணித ஆசிரிய ஆலோசகராகப் போட்டபோது கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் சிரித்தது. ஆசிரியர்களுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை என்றால் யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நேராகவே கேட்டா: "அப்ப நீ படிப்பிக்கிறல்லியாகா? படிப்பிக்கிற ஆக்களைப் பார்த்துக்கொண்டு இரிக்கிறதுக்கா சம்பளம்?" ஓம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வேறு என்னத்தைச் சொல்ல?

என்னோடு நியமனமான மற்ற ஆலோசகர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள். ஆரையம்பதி, களுதாவளை என்று தார் ரோட்டு ஓரமாக உள்ள பள்ளிக்கூடங்களைப் பார்த்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. இந்தக் கரையில் இராணுவம், அந்தக் கரையில் இயக்கம், நடுவில் தண்ணீர். தண்ணீரைக் கடக்கப் 'பாதை' என்று ஒன்று இருந்தது. ஆளையும் சைக்கிளையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போகிற தட்டையான படகுக்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர்.

பாதையில் ஏறுவதற்கு முன்னம் சோதனைச் சாவடி. என் பையில் புளியங்கொட்டை, சோடா மூடி, ஈர்க்குக் கட்டு, பிறகு மட்டையில் வெட்டி இரண்டு கம்பி முள் வைத்த மணிக்கூடு. போர் நடக்கிற ஊரில் கம்பி வைத்த மணிக்கூட்டைப் பையில் கொண்டுபோகிற முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் நாள் அதை வெளியே எடுத்த சிப்பாய் இரண்டு அடி பின்னுக்குப் போனான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இது சின்னப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கப் பழக்குவதற்கு என்று சொன்னேன். நம்பவில்லை. சரி, முள்ளைத் திருப்பிக் காட்டினேன். ஒன்பது மணி, ஒன்பதேகால், ஒன்பதரை. கடைசியில் அவனிடமே ஒன்பதே முக்கால் வைக்கச் சொன்னேன். பிழையாக வைத்தான்! "இவ்வளவு பெரிய துவக்கு வச்சிரிக்காய், மணி பார்க்கத் தெரியாதா?" என்று தமிழில் ஏசிவிட்டேன். நல்ல காலம், அவனுக்கு விளங்கவில்லை. அதன் பிறகு நான் போகும் நாட்களில் அவனாகவே பையைத் திறந்து முள்ளை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். சரி என்றால்தான் விடுவான்.

நான் சொல்ல வந்த பள்ளிக்கூடம் துறையிலிருந்து சைக்கிளில் வெகுதூரம் உள்ளே போகவேண்டிய ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஷெல் விழுந்து கூரை போய்ச் சுவரும் சரிந்த பிறகு, அந்த ஊர்ப் போடியார், அதாவது வயல் நிறைய உள்ளவர், தன் வயல் வட்டைக்கு நடுவில் இருந்த களவெட்டியைக் கொடுத்திருந்தார். வெட்டின கதிரைச் 'சூடு' என்று குவியலாக வைத்து, மாடு விட்டுச் சூடடிக்கிற மேட்டு நிலம் அது. சுற்றிவர ஒரு வரம்பு. உள்ளே ஒரு பக்கம் நெல் மூட்டை வைக்கிற நீளமான ஓலை வாடி. அந்த வாடிதான் பள்ளிக்கூடம். அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் பிள்ளைகள் கத்த, அந்தப் பக்கம் மாடுகள் வளைய வளைய வந்து நெல் மிதிக்கும். டீசல் அந்தக் கரைக்கு வராதபடியால் உழவு யந்திரம் எல்லாம் சும்மா கிடந்தது.

நியமனம் பெற்ற அதிபர் ஒருவர் இருந்தார்தான். அவர் நகரத்தில் மருத்துவ லீவில் நிரந்தரமாக இருந்தார். ஆகவே அங்கே நின்றது ஒருத்திதான். அதிபரும் அவள், ஐந்து வகுப்புக்கும் ஆசிரியையும் அவள், மணி அடிக்கிறவளும் அவள். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு தொண்டர் ஆசிரியையாக வந்து நின்ற அந்த ஊர்ப் பெண். மெல்லிய குரல். ஆனால் அவளைப் போல் ஒரு பிடிவாதக்காரியை நான் என் உத்தியோக காலத்தில் பிறகு பார்க்கவில்லை.

என் முறை இதுதான்: முதலில் வகுப்புக்குப் பின்னால் போய் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள். அவள் கூட்டல் படிப்பித்தாள். நன்றாகவே படிப்பித்தாள். அடுத்த வகுப்புக்கும் கூட்டல். அதற்கடுத்த வகுப்புக்கும் கூட்டல். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அதிலும் பெரிய கூட்டல். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கழித்தல் எங்க?" என்று கேட்டேன்.

அவள் வாடிக்கு வெளியே ஒரு தரம் பார்த்தாள். "வெள்ளாமை எல்லாம் வீட்டுக்குப் போகட்டும் மிஸ். மறுகா படிப்பிக்கிறன்."

"வெள்ளாமைக்கும் கழித்தலுக்கும் என்னகா சம்பந்தம்?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். காரணத்தைச் சொல்வதென்றால் அந்தச் சொற்களையே சொல்லியாக வேண்டும் என்பதால்தான் அவள் விழித்தாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பெண்ணுக்குக் கழித்தல் படிப்பிக்கத் தெரியாது, சாக்குச் சொல்கிறாள் என்பதுதான். "தள்ளி நில்லு, நான் காட்டுறன்" என்றேன்.

களத்தில் நல்ல வெளிச்சம் இருந்தது. பிள்ளைகளை வாடிக்கு முன்னால் வட்டமாக இருத்திப் புளியங்கொட்டைகளை நடுவில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, "இப்ப குறைஞ்சிதா? இன்னும் குறைஞ்சிதா?" என்று கேட்டேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. சிலது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. மந்தமான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு குரலைக் கூட்டினேன். பூச்சியத்தை விளங்கப்படுத்துவதில் நான் கல்வி வலயத்திலேயே பேர்போனவள். கடைசிக் கொட்டையையும் எடுத்து, இரண்டு கையையும் விரித்து, வட்டை முழுவதும் கேட்கக் கத்தினேன்:

"எல்லாம் முடிஞ்சிது! இப்ப என்ன இரிக்கு? ஒண்டுமே இல்ல! எல்லாரும் சொல்லுங்க பாப்பம், ஒண்டுமே இல்ல!"

மாடுகள் நின்றன. மாடுகளுக்குப் பின்னால் வந்த ஆட்கள் நின்றார்கள். நெல் அள்ளுகிற ஓலைக் கடகத்தோடு நின்ற பொம்பிளை ஒருத்தி தலையில் கை வைத்தாள். சூட்டுக்குப் பக்கத்தில் மரக்கதிரை போட்டு உட்கார்ந்திருந்த போடியார் எழும்பி, சாரனை இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

களத்தில் நெல் கிடக்கும் வரைக்கும் குறையும் என்று சொல்லக் கூடாது, முடிந்தது என்று சொல்லக் கூடாது, இல்லை, போதும், மிச்சம், எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் நெல் பெருகாது. படுவான்கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நான் கடற்கரைக்காரி, எங்கள் வீட்டுக்கு அரிசி கடையிலிருந்து வரும். எனக்கு யார் சொன்னது?

"படிச்ச பொம்பிளை எண்டு பார்க்கிறன்," என்றார் போடியார். "போன போகம் வெள்ளம் கொண்டு போச்சு. அதுக்கு முந்தின போகம் சண்டைக்கு ஓடித் திரிஞ்சதில போச்சு. இந்தப் போகம்தான் கண்டிரிக்கன். நீங்க வந்து நடுக்களத்தில நிண்டு இப்பிடிக் கத்துறீங்க! நாளையில இருந்து பள்ளிக்கூடத்துக்கு வேற இடம் பாருங்க."

வேறு இடம் எங்கே இருக்கிறது? அவள் அழவில்லை, கையைப் பிசைந்துகொண்டு, "போடியார், போடியார்" என்று அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கிற பிள்ளையை அந்தக் காலத்தில் யார் யார் வந்து துவக்குத் தூக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. அவரும் நாலு பிள்ளை பெற்றவர்தான். சூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் நின்று, "அப்ப அவ பொலி சொல்லட்டும்" என்றார். நெல் பெருகட்டும் என்று களத்தில் கூவுகிற சொல் அது.

அப்படித்தான் வலயத்தின் கணித ஆலோசகர், கஞ்சி போட்ட சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு கடகம் நெல்லோடு, "பொலி! பொலி! பொலியோ பொலி!" என்று கத்திக்கொண்டு சூட்டைச் சுற்றி வந்தா. சுற்றச் சுற்ற, "இதை விடச் சத்தமாச் சொல்ல ஏலுமா டீச்சர்?" என்று போடியார் கேட்டுக்கொண்டே நின்றார். வாய் பொத்திய பிள்ளைகள் இப்போது வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் தப்பியது.

தப்பியது என்று பார்த்தால் அடுத்த வில்லங்கம் மேலேயிருந்து வந்தது. எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அந்த ஆண்டு கழித்தல் பைத்தியம். வலயத்துப் பிள்ளைகள் கழித்தலில் மோசம் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதன் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கழித்தல்தான். அதோடு பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடி வேறு பள்ளிக்கூடத்தோடு சேர்க்கச் சொல்லியும் அவருக்கு உத்தரவு. எங்கள் களவெட்டிப் பள்ளிக்கூடத்தையும் பார்த்து முடிவெடுக்க வருகிறாராம். எப்போது? சூடடிப்பு நடக்கிற நேரம்தான்! இந்தப் பள்ளிக்கூடத்தை மூடினால் மற்றப் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைக் கடந்து, காட்டு ஓரமாக நடக்க வேண்டும். ஒரு தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள்.

கழித்தல் படிப்பித்தால் போடியார் கலைப்பார். படிப்பிக்காவிட்டால் பணிப்பாளர் மூடுவார். நல்ல உத்தியோகம் தந்தார்கள் எனக்கு!

அவளும் நானும் இதற்காக அடித்துக்கொள்ளாத குறை. வரம்பில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாதாடுவோம். "எடுத்தா எவ்வளவு எண்டு கேளாம, நிரப்ப எவ்வளவு வேணும் எண்டு கேட்டா என்ன?" என்றேன் நான். எட்டு இருக்கிறது, பதின்மூன்றாக இன்னும் எத்தனை வர வேண்டும்? விடை அதே விடைதான். களமும் கோபிக்காது. அவளுக்கு அது பிடித்தது. ஆனால் விடவில்லை. "சோதனையில அப்பிடிக் கேக்கமாட்டாங்களே மிஸ். புள்ளையளுக்கு நேராவும் தெரியோணும்." அதுவும் சரிதான். பிறகு இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். வரம்புக்கு உள்ளே நிரப்புகிற கணக்கு, வரம்புக்கு வெளியே மருத மரத்தடியில் கழிக்கிற கணக்கு. போடியாரிடம் போய்க் கேட்டேன். "வெளியில நிண்டு என்ன எழவையும் சொல்லுங்க," என்று பெரிய மனது பண்ணினார்.

அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் யாருக்கும் விசர் என்றுதான் படும். பாடத்துக்கு நடுவில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் எழும்பி ஓடி வரம்பைத் தாண்டுவார்கள், மரத்தடியில் ஒரு கணக்குச் செய்வார்கள், மறுபடி ஓடி வருவார்கள். மழை பெய்தால் அன்று முழுவதும் கூட்டல். நான் வாராவாரம் போனேன். அவள் கேள்வி கேட்கிற விதத்தைத் திருத்தினேன். விடை சொல்ல முந்திப் பிள்ளையை யோசிக்க விடு, நீ அவசரப்படாதே என்று ஏசினேன். அவளும், "நீங்களும் அவசரப்படாதங்க மிஸ்" என்று திருப்பித் தந்தாள். பிள்ளைகள் ஓடி ஓடியே கழித்தலில் புலியாகிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண், சொத்திப் பல்லும் எண்ணெய் வழியும் தலையுமாக, அவள்தான் எல்லோரையும் விடக் கெட்டி.

பணிப்பாளர் வருகிற நாள் பாடத்தை மருத மரத்தடியிலேயே வைத்துவிடுவது என்று திட்டம். பாய் எல்லாம் விரித்துத் தயார். ஆனால் போடியாருக்குப் பெரியவர் ஒருவர் வருகிறார் என்றதும் தலை கால் தெரியவில்லை. வழியிலேயே மறித்து, மாலை போட்டு, "களத்துக்குள்ள வாங்க ஐயா, களத்துக்குள்ள வாங்க" என்று நேரே கொண்டுபோய்த் தன் கதிரையில் இருத்திவிட்டார். பணிப்பாளரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். இனி அவரை எழுப்ப யாரால் முடியும்? அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

நிரப்புகிற கணக்கைத் தொடங்கினாள். பாடம் அழகாகப் போனது. பிள்ளைகள் யோசித்து, கை தூக்கி, விடை சொன்னார்கள். பணிப்பாளர் கொஞ்ச நேரம் தலையாட்டினார். பிறகு, "இது கூட்டல் மாதிரியெல்லோ இருக்கு. நான் கழித்தல் பார்க்க வந்தனான்," என்றார். நான் அவருடைய காதில் சொல்லலாம் என்று குனிந்தேன். மனிதன் கையால் என்னை விலக்கிவிட்டு, அந்தச் சொத்திப் பல்லுப் பெண்ணைப் பார்த்துக் கேட்டே விட்டார்:

"பிள்ளை, பதின்மூண்டில எட்டுப் போனா என்ன மிச்சம்?"

மாடுகள் நின்றன. போடியார் மெல்ல எழும்பினார்.

அந்தப் பிள்ளை ஒன்றும் பதறவில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்து பணிப்பாளரின் சுட்டுவிரலைப் பிடித்தாள். "எழும்புங்க சேர். அது இஞ்ச சொல்ல ஒண்ணா. வெளிய வாங்க." அவர் எழும்பினார்! அவ்வளவு பெரிய மனிதர், கழுத்தில் மாலையோடு, வெறுங்காலோடு, அவளுக்குப் பின்னால் நடந்தார். வரம்பைத் தாண்டியதும் அவள் நின்று, "அஞ்சு," என்றாள். சொல்லிவிட்டு அவர் விரலை விட்டுவிட்டு ஓடி வந்து தன் இடத்தில் இருந்துகொண்டாள்.

பணிப்பாளர் மாலையைச் சரிப்படுத்திக்கொண்டார். அவருக்கும் ரோசம் இருக்கும்தானே. உள்ளே வந்து இன்னும் கஷ்டமான ஒன்றைக் கேட்டார். முந்நூறிலிருந்து நூற்று அறுபத்தேழு. அவள் மறுபடி விரலைப் பிடித்தாள், மறுபடி வெளியே. தடியால் மண்ணில் கீறிப் பார்த்து, "நூத்தி முப்பத்தி மூண்டு." இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. "என்னட்டக் கேளுங்க சேர், என்னட்டக் கேளுங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். மனிதன் வியர்க்க விறுவிறுக்க வரம்பைத் தாண்டித் தாண்டித் திரிந்தார். போடியார் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். ஆனாலும் சட்டம் சட்டம்தான். "ஐயாவும் ஒருக்காப் பொலி சொல்லத்தான் வேணும்," என்று கடகத்தைக் கொண்டுவந்தார். எப்படிச் சொல்வது என்று பழக்குகிற பொறுப்பு என்னிடம் வந்தது. "சத்தம் இன்னும் கூட வேணும் சேர், வயித்தில இருந்து எடுங்க," என்று கூடவே நடந்தேன். என் உத்தியோக காலத்தில் நான் பயிற்சி கொடுத்த ஒரே பணிப்பாளர் அவர்தான்.

இதோடு எல்லாம் சரி என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தவர் பிள்ளைகளைத் தலை எண்ணத் தொடங்கினார். சிரிப்பு எனக்கு அடங்கிவிட்டது. பாயில் இருந்தது கொஞ்சப் பிள்ளைகள்தான். பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறதுக்கு அது போதாது.

"பதிவில இதை விடக் கூடப் பேர் இருக்கே? மற்றப் பிள்ளையள் எங்க?" என்று ஆசிரியையிடம் கேட்டார்.

அவள் நிமிர்ந்து நின்று ஒவ்வொரு பேராகச் சொன்னாள். இருந்த பிள்ளை "வந்திரிக்கன்" என்றது. இல்லாத பிள்ளையின் பேர் வந்தபோது களத்தில் சொல்லக்கூடியதை மற்றப் பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்: "வருவா." இன்னொரு பேர். "வருவான்." குடும்பத்தோடு வாவியைக் கடந்து எங்கள் பக்கம் இடம்பெயர்ந்தவர்கள், மாடு மேய்க்கப் போனவர்கள், எங்கே என்று யாருக்கும் தெரியாதவர்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனின் பேர் வந்தது. இந்த முறை ஒருவரும் சேர்ந்து சொல்லவில்லை. அந்தச் சொத்திப் பல்லுப் பெண் மட்டும் தனியாக, உரத்து, "எங்கட அண்ணன் வருவான்," என்றாள்.

போடியார் தலையைக் குனிந்துகொண்டார். ஆசிரியை அடுத்த பேரைச் சொன்னாள்.

பணிப்பாளர் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் கூடப் போனேன். மோட்டார் சைக்கிளடியில் நின்று சட்டைப் பையில் திறப்பைத் தேடினார். "அந்தப் பிள்ளையின்ர தமையன் எங்க?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"மார்கழியில விறகு பொறுக்கப் போனவன் சேர். மிதிவெடி. ஆள் இல்ல சேர்."

அவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு களத்தைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை நடுவில் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதன் குனிந்து சப்பாத்தை மறுபடி கழற்றினார். வரம்பைத் தாண்டி உள்ளே போய், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, அவளிடம் சொன்னார்:

"பிள்ளையள் நிறைய இருக்கு டீச்சர். எல்லாரும் வருவினம். நீங்க பள்ளிக்கூடத்தை நடத்துங்க."